நடை குறைந்த பெற்றோருடன் கடற்பயணம்: கொழும்பிலிருந்து கப்பலைத் தெரிவு செய்வது எப்படி?

[காட்சி: காலிமுகத் திடலிலிருந்து தெரியும் கடல்; துறைமுகத்தை நோக்கி வரும் ஒரு பயணிகள் கப்பல்.]

வணக்கம். முழங்கால் தேய்வினாலோ, பக்கவாதத்தின் பின்விளைவினாலோ, முதுமையின் தளர்ச்சியினாலோ நெடுந்தூரம் நடக்க முடியாமற்போன தாயை அல்லது தந்தையை ஒரு கடற்பயணத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்களுக்காக இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறோம். ஊருக்கு ஊர் ஹோட்டல் மாறி, ஒவ்வொரு காலையிலும் பெட்டி கட்டி, வாகனத்தில் ஏறி இறங்கும் சுற்றுலாவைவிட, ஒரே அறையில் தங்கி, உணவும் கடற்காற்றும் பேச்சுத்துணையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் கப்பற்பயணம் இத்தகையவர்களுக்குப் பெரிதும் பொருந்தும். ஆயினும் எல்லாக் கப்பல்களும் எல்லா அறைகளும் அவர்களுக்கு ஏற்றவை அல்ல. கட்டணத்தையும் படங்களையும் பார்க்கத் தொடங்குவதற்கு முன்பே, வீட்டு வாசலிலிருந்து கப்பலின் குளியலறை வரையுள்ள ஒவ்வொரு படியையும் ஒவ்வொரு கதவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கொழும்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு தனிச்சிக்கல் உண்டு. முற்பதிவு செய்து பணம் செலுத்துபவர் பல வேளைகளில் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ மெல்பேர்னிலோ இருக்கும் பிள்ளையாக இருப்பார். அம்மாவின் நடையை நாள்தோறும் பார்ப்பவர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உடனிருக்கும் பிள்ளையாக இருப்பார். வாட்ஸ்அப் அழைப்பில் அம்மா கதிரையில் அமர்ந்தபடியே பேசுகிறார். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்கிறார். பிள்ளைகளுக்குச் சிரமம் கொடுக்கக்கூடாது என்ற அன்பினால் சொல்லப்படும் அந்தச் சொல்லை நம்பி அறையைத் தெரிவு செய்யக்கூடாது. உடனிருக்கும் பிள்ளை சில விவரங்களை எழுதி அனுப்ப வேண்டும்: துணையின்றி எவ்வளவு தூரம் நடக்கிறார், கைபிடியில்லாமல் ஒரு படி ஏற முடிகிறதா, இரவில் எத்தனை தடவை கழிவறைக்கு எழுகிறார், தாழ்வான இருக்கையிலிருந்து தானாக எழுகிறாரா, பயன்படுத்துவது ஊன்றுகோலா வோக்கரா சக்கர நாற்காலியா என்பவை. சக்கர நாற்காலி என்றால் அதன் வெளிப்புற அகலத்தை அளவுநாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

[காட்சி: சாதாரண கேபின் கதவும், அகலக் கதவுள்ள கேபினும் அருகருகே.]

அந்த அகலம் ஏன் தேவைப்படுகிறது என்பதைக் கேபின் கதவில் காணலாம். பல கப்பல்களில் சாதாரண கேபினின் கதவு ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் அகலமே கொண்டது. நாம் வழமையாக வாங்கும் மடக்கு நாற்காலிகள் பலவற்றின் அகலமோ 65 சென்ரிமீற்றரை எட்டும். அதாவது, நாற்காலி அறைக்கு வெளியே நிற்க, அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடக்க வேண்டியிருக்கும். குளியலறை இன்னும் இடுக்கமானது. நீர் வெளியே வழியாமலிருக்க அதன் வாசலில் உயர்த்திக் கட்டப்பட்ட ஒரு விளிம்பு இருக்கும். பகலில் அதைக் கவனமாகத் தாண்டுபவரும், இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், தரையும் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும்போது, அதில் கால் இடறி விழக்கூடும். முதியவர் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் வாழ்க்கை முறையே மாறிவிடும் என்பதை நம்மில் பலர் சொந்தக் குடும்பங்களிலேயே கண்டிருக்கிறோம். ஆகையால், பணத்தை எங்கே மிச்சம் பிடித்தாலும் அறையில் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கென அமைக்கப்பட்ட கேபின்கள் பெரும்பாலான பெரிய கப்பல்களில் உள்ளன. அவற்றின் கதவு 80 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும்; குளியலறைக்குள் விளிம்பின்றி நாற்காலியோடு நுழையலாம்; கழிவறையின் பக்கத்தில் கைபிடிகளும், நீராடும் இடத்தில் மடித்து இறக்கும் இருக்கையும் இருக்கும். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேபின்கள் உள்ள கப்பலிலும் இத்தகையவை சில பத்துகளைத் தாண்டுவது அரிது. அதனால்தான் பல மாதங்களுக்கு முன்பே முற்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலி பயன்படுத்தாத, ஆனால் நடை தளர்ந்த ஒருவருக்கும் இந்த அறையைக் கேட்கத் தயங்க வேண்டாம். தேவையை உண்மையாக விளக்கி, கப்பல் நிறுவனம் கோரும் படிவத்தை நிரப்பினால் போதும். "சக்கர நாற்காலி வசதி உண்டு" என்று பயண முகவர் வாயால் சொல்வது நாற்காலி உள்ளே போகும் என்பதற்கு உறுதியாகாது. கேபின் இலக்கம், கதவின் அகலம், குளியலறை வாசலில் விளிம்பு உண்டா இல்லையா, பால்கனிக்குச் சரிவுப்பாதை உண்டா ஆகியவற்றை மின்னஞ்சலில் எழுத்தாகப் பெறுங்கள்.

அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. அலையில் கப்பலின் முன்முனையும் பின்முனையும் ஊஞ்சற்பலகையின் இரு நுனிகளைப் போல உயர்ந்து தாழ, நடுப்பகுதி குறைவாகவே அசையும். மேல்தளங்களைவிடக் கீழ்த்தளங்களில் பக்கவாட்டு ஆட்டமும் குறைவு. எனவே நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு அருகில் உள்ள அறையே சிறந்தது. உயர்தளத்து பால்கனி அறையின் படம் எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், தள்ளாடும் காலுக்கு அது துணை செய்யாது.

[காட்சி: துறைமுக மேடையிலிருந்து கப்பலுக்கு ஏறும் சாய்பாலம், அடுத்து, நங்கூரமிட்ட கப்பலின் பக்கத்தில் அசையும் சிறு படகு.]

இனி, கப்பலில் ஏறுவதும் இறங்குவதும். பயண நிரலில் துறைமுகத்தின் பெயர் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். கப்பல் அங்கே மேடையோடு சேர்த்துக் கட்டப்படுமா, அல்லது சற்றுத் தொலைவில் நங்கூரமிட்டுப் பயணிகளைச் சிறு படகில் கரைக்கு அனுப்புமா என்பது பல நிரல்களில் சிறிய எழுத்தில்தான் காணப்படும். நடை குறைந்த ஒருவருக்கு இந்த வேறுபாடே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சிறு படகு அலையில் உயர்ந்து தாழும். கப்பலின் திறப்பிலிருந்து அதனுள் ஓரடி எடுத்து வைக்க வேண்டும். அந்த நேரத்துக் கடல்நிலையைப் பார்த்து, சக்கர நாற்காலிப் பயணியை ஏற்றுவதில்லை என்று ஊழியர் முடிவு செய்யலாம். அது அவரது பாதுகாப்புக்காக எடுக்கப்படும் சரியான முடிவே. ஆனால் அதை முன்கூட்டி அறியாத குடும்பம், எல்லோரும் கரைக்குப் போக அம்மா மட்டும் கப்பலில் தங்கும் நிலைக்குத் தள்ளப்படும். புக்கெட் தீவின் படோங் கடற்கரையும், கிரேக்க நாட்டின் சந்தோரினியும் இவ்வாறு படகில் இறங்கும் இடங்களாக அறியப்பட்டவை. ஒவ்வொரு துறைமுகத்துக்கும் இந்தக் கேள்வியைத் தனித்தனியே கேளுங்கள்.

மேடையோடு கட்டப்படும் துறைமுகத்திலும் சாய்பாலத்தின் சரிவு கடல்மட்டத்தோடு மாறும். கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வேறுபாடு இல்லாததால் நாம் இதை நினைப்பதில்லை. மலாக்கா நீரிணையை ஒட்டிய துறைமுகங்களில் அது பல மடங்கு அதிகம். காலையில் எளிதாக இறங்கிய பாலம் மாலையில் செங்குத்தாக நிற்கக்கூடும். நாற்காலியைத் தள்ள வலுவுள்ள ஒருவர் குடும்பத்தில் உடன்வர வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் கப்பல் ஊழியர்கள் உதவுவார்கள் என்றாலும், நாள் முழுவதும் தனிப்பட்ட பராமரிப்பை அவர்கள் வழங்குவதில்லை.

அப்படியானால் எந்தப் பயணம்? கொழும்பிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேர விமானப் பயணத்தில் உள்ள சிங்கப்பூரையே முதலில் பரிந்துரைப்போம். 2012இல் திறக்கப்பட்ட மரினா பே குரூஸ் நிலையம் பெரிய கப்பல்களுக்கென்றே கட்டப்பட்டது. அங்கிருந்து மலாக்கா நீரிணை வழியாகப் பினாங்கு, கிளாங் பக்கம் செல்லும் மூன்று, நான்கு நாள் பயணங்கள், ஒரு புறம் மலாய்த் தீபகற்பமும் மறுபுறம் சுமாத்திராவும் காத்து நிற்பதால், திறந்த பெருங்கடலைவிட அமைதியான நீரில் நிகழ்கின்றன. வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் வந்து கூடுவதற்கும் சிங்கப்பூர் வசதியானது. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கிருந்து புறப்பட்ட ஜென்டிங் டிரீம் போன்ற கப்பலின் நீளம் 335 மீற்றர். உணவுக்கூடம் பின்முனையிலும் அரங்கு முன்முனையிலும் இருந்தால், ஒரு நாளில் அம்மா நடக்க வேண்டிய தூரம் வீட்டில் ஒரு வாரம் நடப்பதையும் மிஞ்சலாம். வீட்டில் நாற்காலி தேவைப்படாதவருக்கும் கப்பலில் தேவைப்படும் என்று கொண்டு முன்னதாகவே ஒழுங்கு செய்யுங்கள்.

சென்னையிலிருந்து புறப்படும் பயணங்கள் இன்னொரு வழி. கோர்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2023 ஜூன் மாதத்தில் அங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இடங்களுக்கு வந்தபோது நம்மவர் பலர் ஆர்வம் கொண்டனர். மொழியும் மரக்கறி உணவும் அம்மாவுக்குப் பழக்கமானவை என்பது பெரிய ஆறுதல். 211 மீற்றர் நீளமே என்பதால் நடையும் குறைவு. ஆனால் அது 1990இல் கட்டப்பட்ட கப்பல்; பழைய கப்பல்களில் கதவுகளும் நடைபாதைகளும் ஒடுங்கியவை, பொருத்தமான அறைகளும் சிலவே. மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றினால் நமது தெற்குக் கரையோரம் கொந்தளிப்பாகவும், ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை வங்காள விரிகுடா புயலுக்கு உட்பட்டதாகவும் இருக்கும் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். இந்தியாவிலிருந்து புறப்பட்டு வேறு நாட்டைத் தொட்டு மீண்டும் இந்தியாவுக்கே திரும்பும் பயணம் என்றால், ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். எந்த வழியில் சென்றாலும், கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு உரியவாறு தனித்தனியே பாருங்கள். கனேடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் அண்ணனுக்குத் தேவைப்படாத விசா அம்மாவுக்குத் தேவைப்படலாம்.

[காட்சி: மருந்துப் பெட்டி, வைத்தியரின் கடிதம், கடவுச்சீட்டு.]

உடல்நலம் பற்றிக் குடும்ப வைத்தியரிடம் முற்பதிவுக்கு முன்னரே பேசுங்கள். பெரிய கப்பல்களில் வைத்தியரும் தாதியரும் உள்ள சிகிச்சை நிலையம் இருக்கும். அவசர நிலையைச் சமாளித்து நோயாளியைக் கரை சேர்ப்பதே அதன் வேலை. சிறுநீரக இரத்தச் சுத்திகரிப்பு பெரும்பாலான கப்பல்களில் இல்லை. அங்கே பெறும் சிகிச்சைக்கான கட்டணத்தை முதலில் நீங்களே செலுத்திப் பின்னர் காப்புறுதியிடம் கோர வேண்டும். ஆகவே காப்புறுதிப் பத்திரத்தில் வயது வரம்பு, ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான பாதுகாப்பு, கடலிலிருந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லும் செலவு ஆகிய மூன்றையும் வரிவரியாகப் படியுங்கள். நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் மறைத்துப் பெற்ற காப்புறுதி தேவைப்படும் வேளையில் கைகொடுக்காது.

மருந்துகள் கைப்பையில் இருக்க வேண்டும்; இன்சுலினைச் சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைக்கவே கூடாது. சில தூக்க மாத்திரைகளுக்கும் கோடீன் கலந்த வலி நிவாரணிகளுக்கும் சிங்கப்பூரில் முன் அனுமதி தேவை என்பதால், மருந்துப் பட்டியலை அந்த நாட்டு விதிகளோடு முன்னதாகவே ஒப்பிடுங்கள். உணவைப் பொறுத்தவரை, தட்டை ஏந்திச் சென்று தானே எடுத்துக்கொள்ளும் கூடம் வோக்கர் பிடித்த கைகளுக்கு இயலாதது. மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும் உணவுக்கூடத்தில் இடம் கேட்டு, உப்புக் குறைவு, மரக்கறி என்பவற்றை முற்பதிவின்போதே அறிவியுங்கள்.

கட்டுநாயக்காவில் சக்கர நாற்காலி உதவியைக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். கேட்கும்போது சரியான வகையைச் சொல்லுங்கள்: படியேற முடியும், நீண்ட தூரம் முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர்.; படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ்.; இருக்கை வரையும் தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. பேருந்தில் விமானத்தருகே கொண்டுபோய்ப் படிக்கட்டால் ஏற்றும் நாட்களில் இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படும். மின்சார நாற்காலி என்றால் மின்கலத்தின் வகையையும் திறனையும் முன்பே எழுதி அனுப்புங்கள். கழற்றக்கூடிய ஒற்றை லித்தியம் மின்கலம் 300 வாட்-மணியைத் தாண்டக்கூடாது. கப்பல் புறப்படும் நாளிலேயே சிங்கப்பூரில் இறங்குவதைத் தவிர்த்து, ஒரு நாள் முன்னதாகச் சென்று அம்மாவை இளைப்பாற விடுங்கள்.

[காட்சி: கப்பலில் உயிர்காப்பு அங்கியுடன் பயணிகள் கூடும் இடம்.]

கப்பலில் ஏறியவுடன் முதல் வேலையாக, அவசரகாலத்தில் கூட வேண்டிய இடம் எதுவென்று அறிந்து, அறையிலிருந்து அங்கு செல்லும் வழியை அம்மாவோடு ஒரு தடவை போய்ப் பாருங்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் கடலோரத்தில் கோஸ்டா கொன்கோர்டியா கப்பல் பாறையில் மோதி 32 பேர் உயிரிழந்தனர். அன்று ஏறிய பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அப்போது நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் பின்னரே, புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சி நடக்க வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 முதல் நடைமுறைக்கு வந்தது. அவசரகாலத்தில் லிஃப்டைப் பயன்படுத்த விடமாட்டார்கள் என்பதால், படியிறங்க முடியாதவரை யார், எவ்வாறு கொண்டு செல்வார்கள் என்று பயிற்சியின்போதே ஊழியரிடம் கேட்டு, கேபின் இலக்கத்தை உதவி தேவைப்படுவோரின் பட்டியலில் பதியச் செய்யுங்கள். பதிந்தாயிற்று என்று அவர் சொல்வதைக் கேட்ட பிறகு அம்மாவை மேல்தளத்துக்கு அழைத்துச் செல்லலாம்.