வயசு போயிட்டுது, இனிப் பொலிஸில சேரலாமோ?

[விசுவமடு, வீட்டு முத்தம், விடியக் காலமை]

வணக்கம் உறவுகளே. பின்னால தெரியிற கயிறு என்னெண்டு கேப்பியள், அது மாடு கட்டிற கயிறுதான், 15 மீற்றர் அளந்து இஞ்சால ஒரு கல்லு அங்கால மாமியின்ர ஓட்டை வாளி. போன மாசம் லண்டனில இருந்து வந்து நிண்ட மச்சான் இதுக்குள்ளதான் ஓடினவர். 41 வயசு, கொஞ்சம் தொப்பையும் வச்சிட்டுது, போனில பீப் பீப் எண்டு சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்கு முதல் வாளியைத் தொடோணும், திரும்பிக் கல்லுக்கு வரோணும், எங்கட நாய் விளையாட்டெண்டு நினைச்சு அவற்ற காலுக்குள்ள. மாமி படலையில நிண்டு, இவனுக்கென்ன விசரே எண்டு என்னைக் கேக்கிறா.

விசயம் என்னெண்டா மச்சான் லண்டனில பொலிஸில சேர விண்ணப்பம் போட்டிருக்கிறார், இது அதுக்கான ஓட்டப் பழக்கம். அதைக் கேட்ட மாமி அரைநாள் அவரோட கதைக்கேல்ல. வன்னியில பொலிஸ் எண்ட சொல்லு தொண்டையில கொஞ்சம் நிண்டுதான் இறங்கும், ஏனெண்டு இந்தச் சேனல் பாக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. ஆனா அவர் போன பிறகு எனக்கு நாலைஞ்சு பேர் கேட்டிட்டினம், அண்ணை எனக்கும் 30 தாண்டிட்டுது, இஞ்சயோ வெளியிலயோ இனிச் சேர ஏலுமோ எண்டு. அதுக்குத்தான் இந்த வீடியோ.

முதல் எங்கட இலங்கைக் கதை. அது சின்னக் கதை. பொலிஸுக்கு ஆள் எடுக்கிற அறிவித்தல் வர்த்தமானியில, அதான் அரசாங்க அறிவித்தல் இதழில வரும், வர்த்தமானி வெள்ளிக்கிழமையில வாறது, தமிழிலயும் வரும். அதில வயதெல்லை எண்டு ஒரு வரி இருக்கும், முதல் அதைப் பாருங்கோ. விண்ணப்ப முடிவுத் திகதியில உங்கட வயசு என்ன எண்டதுதான் கணக்கு, நீங்கள் கடிதம் போட்ட நாளில்ல. சாதாரண கான்ஸ்டபிளுக்கு வழமையா இருபதுகளின்ர கடைசியோட கதவு சாத்திடும். கலியாணம் முடிக்காத ஆக்கள் எண்ட நிபந்தனையும் இருந்திருக்கு.

இதில எனக்கு ஒரு கவலை இருக்கு, சொல்லிப்போட்டுப் போறன். 2009ல 16 வயசில இருந்த பெடியனை எடுங்கோ. ஓ எல் சோதினை எடுக்கிற வயசில பங்கருக்குள்ள இருந்தவன், பிறகு செட்டிகுளம் முகாம், பிறகு வந்து காணி துப்பரவாக்கி, தகரக் கொட்டில் போட்டு, தங்கச்சியைப் படிப்பிச்சு, தான் திரும்பச் சோதினை எடுத்து நிமிர 2021. அப்ப அவனுக்கு 28. அவன் ஒண்டும் பிந்தி வந்தவனில்ல, ஆனா வயதெல்லைக் கோட்டுக்கு அது தெரியாது. ஸ்ரேசனில தமிழில ஒரு முறைப்பாடு எழுத ஆளில்லாம வாங்கில குந்தியிருந்த ஆக்களுக்கு, அவனை மாதிரி ஒருத்தன் உள்ள இருந்தா எப்பிடி இருந்திருக்கும் எண்டு விளங்கும்.

[திரையில: இங்கிலாந்து]

இப்ப மச்சானின்ர பக்கம் வருவம். இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் பொலிஸில சேர மேல் வயதெல்லை எண்டு ஒண்டு இல்ல. கீழ தான் இருக்கு, 17ல விண்ணப்பிக்கலாம், 18ல சேரலாம். கான்ஸ்டபிளுக்குக் கட்டாய ஓய்வு 60, அப்ப 41ல போறவருக்கு இன்னும் 19 வருசம் கிடக்கு. பிரஜாவுரிமை, இல்லாட்டி கட்டுப்பாடில்லாம நிரந்தரமா இருக்கிற விசா இருக்கோணும், விண்ணப்பிக்க முதல் மூண்டு வருசம் அந்த நாட்டில தொடர்ந்து இருந்திருக்கோணும் எண்டும் பாப்பினம். இஞ்ச இருந்துகொண்டு லண்டன் பொலிஸுக்குப் போடலாமோ எண்டு ஒரு தம்பி கேட்டவர், இல்லத் தம்பி.

சேர வாற ஆக்களுக்கு வைக்கிற ஓட்டச் சோதினை எண்டது இந்தக் கயிறுதான். 15 மீற்றர், பீப் சத்தம் படிப்படியா வேகமாகும், 5.4 எண்ட படி வரைக்கும் ஓடோணும், எண்ணிப் பாத்தா 35 தரம், மொத்தமா 525 மீற்றர், நாலு நிமிசம்கூட வராது. ஆம்பிளை பொம்பிளை, 20 வயசு 50 வயசு, எல்லாருக்கும் ஒரே அளவு. கேக்கச் சின்னன் மாதிரி இருக்கும், ஆனா ஒவ்வொரு முனையிலயும் நிண்டு திரும்பிறதுதான் ஆளை விழுத்தும், முழங்கால்தான் முதல் அழும். மச்சான் முதல் நாள் 3ம் படியிலயே வாளிக்குப் பக்கத்தில குந்திட்டார். ரெண்டாம் கிழமை, மணலில ஓடினதாலயோ நாய்க்குப் பயந்தோ தெரியேல்ல, 5.4ஐத் தொட்டார்.

சம்பளத்தையும் யோசிக்கோணும். 2024 செப்ரெம்பரில ஆரம்பச் சம்பளம் வருசத்துக்கு 29,907 பவுண். இருபது வயசுப் பெடியனுக்கு அது நல்ல தொடக்கம், கடை மனேச்சரா இருந்து வீட்டுக்கடன் கட்டிற ஆளுக்கு அது கீழ இறங்கிறது, அதோட இரவு வேலை, சனி ஞாயிறு வேலை, தீபாவளிக்கும் வேலை. பெண்சாதியோட இருந்து கதைக்காம விண்ணப்பப் போமில கை வைக்காதேங்கோ. வேலையை விடாமப் பாக்க விரும்பினா ஸ்பெசல் கான்ஸ்டபிள் எண்டு ஒண்டு இருக்கு, சம்பளமில்ல, மாசத்துக்குக் குறைஞ்சது 16 மணித்தியாலம், ஆனா சீருடையும் கைது செய்யிற அதிகாரமும் முழுப் பொலிஸ்காரருக்கு இருக்கிற மாதிரியே. என்னைக் கேட்டா 40 தாண்டின ஆள் முதல் அதைத்தான் செய்யோணும், மச்சான் கேக்கேல்ல, அவருக்கு எல்லாத்திலயும் அவசரம்.

நேர்முகத்தில கேள்விகளுக்குப் பதில் சொல்லிற கட்டத்தில எங்கட ஆக்கள் ஒரு பிழை விடுறவை. உங்கட வாழ்க்கையில கஸ்ரமான ஒரு முடிவு எடுத்ததைச் சொல்லுங்கோ எண்டு கேப்பினம். மச்சான் என்னோட பழகிப் பாக்கேக்க, நாங்கள் அப்பிடிச் செய்தம், நாங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு போனம், எல்லாத்துக்கும் நாங்கள்தான். நான் எண்டு சொல்லிறது எங்களுக்குப் பெருமையடிக்கிற மாதிரி. ஆனா அங்க நீங்கள் தனிய என்ன செய்தனீங்கள் எண்டதுக்குத்தான் புள்ளி. ரெண்டு பின்னேரம் இந்தத் திண்ணையில இருந்து அந்த நாங்களை எல்லாம் பிடுங்கி நான் ஆக்கினம், சிரிப்பும் வந்தது, சில இடத்தில அழுகையும் வந்தது.

கனடாக்காரர் கோபிக்காதேங்கோ, உங்களுக்கும் சுருக்கமா. ஒன்ராறியோவில 18 நிறைஞ்சிருக்கோணும், பிரஜையா இல்லாட்டி நிரந்தர வதிவாளரா இருக்கோணும், உயர்பள்ளி முடிச்சிருக்கோணும், மேல் வயசு இல்ல. அங்கத்தைய கூட்டரசுப் பொலிஸுக்கும் மேல் வயசு இல்ல, ஆனா ரெஜைனா எண்ட தூர நகரத்தில 26 கிழமை பயிற்சி, ஸ்காபரோவில பிள்ளையளை விட்டிட்டு அரை வருசம் அந்தக் குளிருக்குள்ள இருக்கோணும்.

[திரையில: பின்னணி விசாரணை]

வயசான ஆக்களை உண்மையா மறிக்கிறது இதுதான். 19 வயசுப் பிள்ளைக்கு ஒரு பக்கத்தில முடியிற கதை, உங்களுக்கு இருபது வருசக் கதை. கடன், கட்டாம விட்ட கிரெடிட் காட், பழைய பொலிஸ் பிரச்சினை, பேஸ்புக்கில எழுதினது, வீட்டில கூட இருக்கிற ஆக்கள், தாய் தேப்பன், சகோதரங்கள் எல்லாத்தையும் பாப்பினம். கடன் இருக்கிறதால மட்டும் விழுத்த மாட்டினம், ஆனா கட்டாமத் தவறின கடனும் விழுத்தலாம், மறைச்சாலும் விழுத்துவினம். இன்னொண்டு, இயக்கத்தை, அதான் விடுதலைப் புலிகளை, பிரித்தானியா 2001லயும் கனடா 2006லயும் தடை செய்தது. அந்தக் காலத்தில விரும்பியோ விருப்பமில்லாமலோ உள்ள நிண்ட ஆக்கள் இஞ்ச வீட்டுக்கு வீடு இருக்கினம். உங்களுக்கு அப்பிடி ஒரு கதை இருந்தா போம் நிரப்ப முதல் ஒரு சட்டத்தரணியோட கதையுங்கோ, யூரியூப்பில நான் சொன்னன் எண்டு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ.

கடதாசி இன்னொரு தலையிடி. பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில துலைஞ்சிருந்தா பிரதேச செயலகத்தில பதிவைத் தேடிப் பிரதி எடுக்கலாம், பதிவே இல்லாட்டி உத்தேச வயதுச் சான்றிதழ் எண்டு ஒண்டு இருக்கு. பேர் எழுத்தையும் பாருங்கோ, பாஸ்போட்டில ஒரு எழுத்து, சோதினைப் பெறுபேறில இன்னொரு எழுத்து, தேப்பன்ர பேர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு அங்க ஒருத்தருக்கும் விளங்காது. முதலே ஒண்டாக்கி வையுங்கோ.

மச்சான் இப்ப அந்தக் கட்டத்திலதான் நிக்கிறார். முந்தாநாள் வட்ஸப்பில எடுத்து, அம்மா பிறந்த திகதியும் இடமும் வேணுமாம், கேட்டுச் சொல்லு எண்டார். மாமியின்ர ஐசியில, அதான் அடையாள அட்டையில, ஜனவரி 1 எண்டு கிடக்கு. மாமியைக் கேட்டா, அது ஊர் அலுவலர் விதானையார் போட்டது, நான் பங்குனி உத்தரத்துக்கு முதல் நாள், நல்ல மழை எண்டு அம்மா சொல்லிறவ எண்டுறா. வருசம் எது மாமி? புயலுக்குப் பிறகு. எந்தப் புயல் எண்டு கேக்க, கோழிக்கு அரிசி போட எழும்பிப் போட்டா. திங்கக்கிழமை மாமியையும் ஏத்திக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போறன்.