எட்டு பிட் பெட்டியைத் திறந்து பார்த்தல்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம் கருவிகளைத் தேடி வாங்கி, பழுதுநீக்கி, இன்றும் விளையாடிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால், சிறுவயது நினைவுகளில் மூழ்கியவர்கள் என்றே பலரும் எண்ணுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்தக் கருவிகள் கடைக்கு வந்த காலத்தில் பிறந்தே இராத இளைஞர்களும் இன்று அவற்றுக்காகச் சால்டரிங் அயனைக் கையில் எடுக்கிறார்கள். அவர்களுக்கு நினைத்து ஏங்க எதுவும் இல்லை. ஒருவர் தனியாக உட்கார்ந்து, முதல் கம்பியிலிருந்து கடைசிச் சில்லு வரை முழுவதுமாகப் புரிந்துகொள்ளக்கூடிய கணினிகள் அவை என்பதே என் கணிப்பில் அந்த ஈர்ப்புக்குக் காரணம். இதை விளக்க ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொள்கிறேன். அது நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம்.

இந்தப் பெயரைக் கேள்விப்படாத நேயர்கள்கூட இதன் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். தொண்ணூறுகளில் சென்னை பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கி, கோடை விடுமுறை முழுவதும் மாரியோவும் கான்ட்ராவும் ஆடிய டிவி கேம் பெட்டிகளில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் நகல்களே. பல லட்சம் ஆட்டங்கள் இருப்பதாக அட்டையில் அச்சடித்த கேசட்டுகளைப் போட்டுப் பார்த்தால், ஒரே ஆட்டம் வெவ்வேறு கட்டங்களிலிருந்து தொடங்குவதாகத் திரும்பத் திரும்ப வரும். இந்தத் துணிச்சலை நான் இன்றும் ரசிக்கிறேன்.

மசாயுகி உயெமுரா தலைமையில் வடிவமைக்கப்பட்ட அந்தக் கருவியின் உள்ளே இருப்பது மிகச் சிறிது. நொடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் துடிப்புகளில் இயங்கும் எட்டு பிட் செயலி ஒன்று, படம் வரைவதற்கென்றே தனிச் சில்லு ஒன்று, செயலியின் பயன்பாட்டுக்கு 2 கிலோபைட் நினைவகம், படச் சில்லுக்கு இன்னொரு 2 கிலோபைட், அவ்வளவுதான். நான் இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் இந்த உரையை யூனிகோடு தமிழில் சேமித்தால் 20 கிலோபைட்டைத் தாண்டிவிடும். 1985இல் வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டமோ, அதன் எட்டு உலகங்கள், இசை, எதிரிகள் எல்லாம் சேர்ந்தே 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. அதில் வானத்து மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே உருவம். வெள்ளை நிறம் தந்தால் மேகம், பச்சை நிறம் தந்தால் புதர்.

இப்படி எழுந்த நெருக்கடிகளின் தடம் விளையாடும்போதே கண்ணுக்குத் தெரியும். எதிரிகள் கூட்டமாக ஒரே வரிசையில் வரும்போது உருவங்கள் மினுக்கி மினுக்கி மறைவதைப் பலர் கருவியின் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். நடந்தது வேறு. திரையில் நகரும் உருவங்கள் எல்லாம் ஸ்பிரைட் எனப்படும் சிறு துண்டுகளால் ஆனவை. படச் சில்லால் ஒரு திரையில் 64 துண்டுகளை வைத்துக்கொள்ள முடியும். ஆனால் ஒரு கிடைக்கோட்டில் 8 துண்டுகளுக்கு மேல் வரைய முடியாது. ஒன்பதாவதை அது பேசாமல் விட்டுவிடும். ஓர் எதிரி அடியோடு காணாமல் போனால் ஆட்டக்காரருக்கு அநியாயம் அல்லவா? அதனால் நிரல் எழுதியவர்கள் துண்டுகளின் வரிசையை ஒவ்வொரு சட்டகத்திலும், அதாவது திரை வரையப்படும் ஒவ்வொரு முறையும், மாற்றினார்கள். இந்தச் சட்டகத்தில் விடுபட்டது அடுத்த சட்டகத்தில் வரையப்படும், அப்போது வேறொன்று விடுபடும். நொடிக்கு 60 முறை இப்படி மாறுவதால் எல்லா உருவங்களும் மினுங்கினாலும் எதுவும் மறைந்துபோவதில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அதே காட்சியில் எனக்கு எரிச்சல் வருவதில்லை. உருவங்களை எண்ணத் தோன்றுகிறது.

இனிப் பெட்டியைத் திறக்கும் கதைக்கு வருவோம். ஜப்பானிய ஃபேமிகாமை வாங்கிவந்து இங்குள்ள டிவியில் இணைத்தால் பெரும்பாலும் படம் வராது. ஆன்டெனா வழியாக மட்டுமே படத்தை அனுப்பும் அந்தக் கருவி பயன்படுத்துவது ஜப்பானின் முதல், இரண்டாம் டிவி அலைவரிசைகளை. அவை 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள் அமைந்தவை, அதாவது நம் நாட்டில் பண்பலை வானொலி ஒலிக்கும் இடம். வானொலி நிலையத்தில் அமர்ந்து இதைச் சொல்வதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி எளியது. படச் சில்லின் 21ஆம் காலில் படச் சமிக்ஞை வெளிவருகிறது. ஒரு டிரான்சிஸ்டரும் சில மின்தடைகளும் கொண்டு அதை வலுப்படுத்தி, நேராக டிவியின் மஞ்சள் நிற ஏவி துளைக்கு அனுப்பிவிடுகிறார்கள். உதிரிபாகங்களுக்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட வராது. முதல்முறை கை வைப்பவர்கள் அசல் கருவியை விட்டுவிட்டு நகல் பெட்டி ஒன்றைத் திறந்து பழகுவது நல்லது. ஆனால் பிற்கால நகல்களில் எல்லாச் சில்லுகளும் ஒன்றாகி, கறுப்புப் பிசின் பொட்டுக்கு அடியில் புதைந்திருக்கும். அவற்றில் இணைப்புகளையும் பொத்தான்களையும் சரிசெய்யலாமே தவிர, சில்லின் கால்களைத் தொட முடியாது.

கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதிச் செருகும் வழக்கம் உலகம் முழுவதும் இருந்தது. ஊதியதால் பயன் ஒன்றும் இல்லை. கழற்றி மீண்டும் செருகும்போது தொடுமுனைகள் சரியாகப் பொருந்தியதே பலன் தந்தது. எச்சில் ஈரம் நாளடைவில் செப்பை அரிக்கவும் செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைப்பதே முறை. அமெரிக்காவில் விற்ற என்இஎஸ் வடிவத்தில் தொல்லை இன்னும் ஒரு படி அதிகம். நகல் கேசட்டுகளைத் தடுக்கக் கருவியில் ஒன்றும் கேசட்டில் ஒன்றுமாக இரண்டு பூட்டுச் சில்லுகளை வைத்திருந்தார்கள். தொடுமுனையில் அழுக்குச் சேர்ந்து இரண்டின் உரையாடலும் தடைப்பட்டால், கருவி நொடிக்கொரு முறை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொண்டு, சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கருவியில் உள்ள பூட்டுச் சில்லின் நான்காவது காலைத் தூக்கிவிட்டால் அந்தச் சிமிட்டல் நின்றுவிடும் என்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள்.

பேட்டரி விவகாரம் கொஞ்சம் துயரமானது. 1987இல் அமெரிக்காவில் வெளியான லெஜெண்ட் ஆஃப் செல்டா போன்ற நீண்ட ஆட்டங்களின் கேசட்டுகளுக்குள் நாணய வடிவ 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. நாம் எதுவரை ஆடினோம் என்ற பதிவை அதுதான் காப்பாற்றுகிறது. அது தீர்ந்தால் பதிவும் போய்விடும். புதிய பேட்டரி போடுவது கடினமல்ல. ஆனால் பழையதைக் கழற்றிய கணமே சேமித்தது அழியும். ஆகவே கேசட் ரீடர் என்ற சிறு கருவியால் பதிவைக் கணினிக்கு முதலில் நகலெடுத்துக்கொண்டு, அதன் பிறகே சால்டரைத் தொட வேண்டும். பேட்டரியின் மேல் நேரடியாகச் சூடு வைக்காமல், உலோகத் தகடுகள் முன்பே பொருத்திய பேட்டரியை வாங்குவது பாதுகாப்பு.

இவ்வளவு சிரமம் எதற்கு, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில், பழைய கருவிபோலவே நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரைப் போட்டு ஆடிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக ஆடலாம். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று முறைப்படி விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்நிலையில் எமுலேட்டர் எழுதுபவர்களின் உழைப்பை ஆவணக் காப்பகத்தின் பணிக்கு இணையாகவே நான் மதிக்கிறேன். ஆனால் வாத்து சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி எல்இடி டிவியில் வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்ற, அந்த ஒளியைத் துப்பாக்கி முனையில் உள்ள உணரி பிடிக்கும். பழைய குழாய் டிவி படத்தைத் தாமதமின்றி வரையும் முறையை நம்பியே இது அமைந்தது.

அந்த 40 கிலோபைட் எல்லைக்குள் இன்றும் புதிய ஆட்டங்கள் வருகின்றன. 2019இல் வந்த மைக்ரோ மேஜஸ் நான்கு பேர் சேர்ந்து ஆடக்கூடியது. இடப்பக்கத்தைக் கண்ணாடிபோல் திருப்பி வலப்பக்கமாக்குவது முதலான உத்திகளால் அதே 40 கிலோபைட்டில் அடைத்திருக்கிறார்கள். செயலி கணக்குப் போடும்போது எண்களை வைத்துக்கொள்ளும் இடங்களான பதிவேடுகளில் முக்கியமானவை மூன்றுதான் என்பதால், செயலிக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழி கற்க இதைவிட இணக்கமான இயந்திரத்தை நான் அறியேன்.

தொடங்க விரும்புவோர் இரண்டு விஷயங்களில் கவனமாக இருங்கள். ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் எரிந்துபோகும். அமெரிக்க என்இஎஸ் அடாப்டர் தருவது மாறுமின்சாரம் என்பதால் அதை ஃபேமிகாமில் செருகவே கூடாது. குழாய் டிவியின் பின்மூடியை மட்டும் நீங்களாகக் கழற்ற வேண்டாம். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே பல ஆயிரம் வோல்ட் தேங்கியிருக்கும். அந்த வேலையைப் பழகிய டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, அவர் அருகில் நின்று வேடிக்கை பாருங்கள்.

நன்றி, வணக்கம்.