மெஷின் பக்கத்தில் பத்து நிமிடம்

(சிறுதொழில் முனைவோர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாடு முடிந்ததும் பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள். பயிற்சி வகுப்பு எடுப்பவனுக்கு அது புதிதில்லை.

ஒரு முறை ஓட்டலில் ஹால் பிடித்து இரண்டு நாள் வகுப்பு நடத்தினேன். ஃபைல், பேனா, சான்றிதழ், குரூப் போட்டோ எல்லாம் உண்டு. அடுத்த வாரமே, வகுப்புக்கு வந்திருந்த ஆப்பரேட்டர் ஒருவர் சி.என்.சி. லேத்தில், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் கடைசல் மெஷினில், இன்சர்ட் என்கிற வெட்டும் முனையை மாற்றினார். கடைந்த ஷாஃப்டின் (உருளைத் தண்டு) விட்டம் 0.02 மில்லிமீட்டர் குறைந்து வந்தது. மெஷினில் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் பிளஸ் போட வேண்டியவர் மைனஸ் போட்டுவிட்டார். அடுத்த பீஸ் 0.04 குறைவு. கவனிப்பதற்குள் ஒரு ட்ரே ஸ்கிராப். இதற்கென்றே தனி ஸ்லைடு வைத்திருந்தேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

அவரைத் திட்டிப் பயனில்லை. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, 1885-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் மறந்துபோய்விட்டது. மறுநாள் மிஞ்சியது மூன்றில் ஒரு பங்குதான். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கிறது என்பதையும் அவரே கண்டார். இன்று சின்னச் சின்னப் பாடமாக 'மைக்ரோ லேர்னிங்' என்று விற்கிற சரக்கில் பாதி இந்தப் பழைய சங்கதிதான்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? மெஷினை வேலைக்குத் தயார் செய்கிற அனுபவமுள்ள செட்டர் ஒருவரை மெஷின் முன்னால் நிறுத்தி, செல்போனில் ஒன்றரை நிமிடம் படம் எடுத்தோம். "சின்னதா வந்தா பிளஸ், பெருசா வந்தா மைனஸ். வாய்விட்டுச் சொல்லிட்டு அப்புறம் கீயை அமுக்கு." பின்னால் லேத் சத்தம் வேறு. கியூ.ஆர். கோடாக்கி மெஷின் கதவில் ஒட்டினோம். காசு கொடுத்து எடுத்த பளபள வீடியோவை ஒருவரும் பார்க்கவில்லை, இதைப் பார்க்கிறார்கள். பேசுவது அவர்களுடைய அண்ணன் ஆயிற்றே!

ஏ.ஐ. பற்றிக் கேட்பீர்கள். மேனுவலைக் கொடுத்து மெஷின் காட்டும் அலாரம் (கோளாறு) நம்பரைச் சொன்னால் தமிழிலேயே விளக்குகிறது. சில சமயம் தப்பாகவும் சொல்கிறது, கொஞ்சமும் தயங்காமல். செட்டர் பார்த்துச் சரி என்ற பிறகு மெஷினில் கை வையுங்கள்.

ஆனால் கருவியைவிடப் பெரிய சிக்கல், கற்பது யாருடைய நேரத்தில் என்பது. சிங்கப்பூரில் 'ஸ்கில்ஸ்ஃபியூச்சர்' திட்டத்தில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு, பயிற்சிக் கட்டணத்துக்காக முதலில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தார்கள். 2024-இல் 40 வயது நிரம்பியவர்களுக்கு இன்னொரு 4,000 வெள்ளி சேர்த்தார்கள். அதுவும் போதவில்லை. படிக்கிற மாதங்களில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? 2025-இல் முழுநேரப் பயிற்சிக்குப் போகும், 40 வயது நிரம்பியவர்களுக்கு மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகை வந்தது. நம்மிடமோ, "ஷிப்ட் முடிந்ததும் ஒரு மணி நேரம் இருந்து கற்றுக்கொள்" என்கிறோம். பஸ் போய்விடும் என்று அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எங்கள் இடத்தில் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஷிப்டின் முதல் பத்து நிமிடம் லேத் ஓடாது. அது கற்கிற நேரம், அதற்கும் சம்பளம் உண்டு. புரொடக்‌ஷன் மேனேஜர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.