பதினான்கில் ஒன்று

(மட்டக்களப்பு கல்லடியில் ஒரு வாசகர் வட்டத்தில் பேசியது. இடையில் வந்த கேள்விகளையும் விடாமல் எழுதியிருக்கிறேன், என் பேச்சை விட அவை நன்றாக இருந்தன.)

வணக்கம். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, மேலே தகரக் கூரை, மழை பிடித்தால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பின்வரிசைக்குக் கேட்காது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

2025 ஜூன் 23 இரவு கட்டாரில் இருந்து பிள்ளைகள் அனுப்பிய வீடியோ உங்களில் பாதிப் பேருடைய போனிலாவது வந்திருக்கும். இருட்டு வானத்தில் மஞ்சள் புள்ளிகள் ஏறுகின்றன, வெடிக்கின்றன, பக்கத்தில் யாரோ மலையாளத்திலோ தமிழிலோ கத்துகிறார்கள். அல் உதெய்த் என்ற அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்ட இரவு அது. மறுநாளுக்குள் அமெரிக்க ஜனாதிபதி கணக்குச் சொல்லிவிட்டார்: வந்தது 14, அடித்து வீழ்த்தியது 13, மிச்சம் ஒன்று ஆபத்தில்லாத பக்கம் போனதால் போகட்டும் என்று விட்டுவிட்டோம். சரி, நல்லது என்று நாங்களும் அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். இரண்டு மூன்று வாரம் கழித்து வந்த செயற்கைக்கோள் படத்தில், தளத்துக்குள் தகவல்தொடர்புக் கருவியை மூடியிருந்த வெள்ளைக் குமிழ் ஒன்றைக் காணவில்லை. அதன்பிறகுதான் ஒன்று உள்ளே விழுந்தது என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் ஒப்புக்கொண்டது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அடிக்கப் போகிறோம் என்று ஈரான் முன்கூட்டியே தெரியப்படுத்தியிருந்தது. கட்டார் வான்வழியை மூடியிருந்தது, தளத்தில் ஆட்களைக் குறைத்திருந்தார்கள், வந்ததும் இருபதுக்குள்தான், காவலுக்கு நின்றது உலகத்திலேயே நல்ல கருவி என்று சொல்லப்படுவது. இவ்வளவும் இருந்தும் ஒன்று விழுந்தது. இன்றைக்கு நான் பேசப் போவது அந்த ஒன்றைப் பற்றித்தான்.

முதலில், பாலிஸ்டிக் என்றால் என்ன? என் வயதுக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஷெல் என்கிற பீரங்கிக் குண்டுகளுக்குள் வாழ்ந்தவர்கள் நாங்கள். ஷெல்லும் அந்தச் சாதிதான். மாங்காய்க்குக் கல் எறிகிறோமே, கையை விட்டுப் போன பிறகு கல்லுக்குப் பின்னால் தள்ள ஒருவரும் இல்லை, எறிந்த வேகமும் பூமியின் இழுவையும் சேர்ந்து அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பாலிஸ்டிக் ஏவுகணையில் எறிகிற கை ரொக்கெட். சில நிமிடம் எரிந்து தீர்ந்துவிடும், மிச்சப் பயணம் முழுக்கக் கல்லின் பயணம். கண்டம் விட்டுக் கண்டம் போவது ஆயிரம் கிலோமீற்றருக்கும் மேலே ஏறி, செக்கனுக்கு 7 கிலோமீற்றர் வேகத்தில் இறங்கும். மட்டக்களப்பில் இருந்து கல்முனைக்கு 40 கிலோமீற்றர் அளவில், பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் என்று வையுங்கள். அதற்கு 6 செக்கன் போதும்.

ஷெல்லுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஷெல் வரும்போது முதலில் தூரத்தில் குத்துகிற சத்தம் கேட்கும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு எங்களை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்க அந்தச் சத்தம்தான் நேரம் தந்தது, சில வேளை பத்து வரைக்கும் எண்ணுவோம், சில வேளை ஆறோடு முடிந்துவிடும். 1944 செப்டம்பர் 8இல் லண்டனில் ஜேர்மனியின் வி-2 என்ற பாலிஸ்டிக் ஏவுகணை விழுந்தபோது அந்தச் சலுகையே இல்லை. ஒலியை விட வேகமாக வந்ததால் முதலில் வெடித்தது, அது வந்த இரைச்சல் பிறகுதான் கேட்டது. அன்றைக்கு பிரிட்டனிடம் ராடர் இருந்தது, விமான எதிர்ப்புப் பீரங்கி இருந்தது, சண்டை விமானம் இருந்தது, ஆனால் பறந்து வருகிற வி-2 ஒன்றை வீழ்த்த அவற்றில் எதனாலும் முடியவில்லை.

தடுப்பது என்றால் எங்கே தடுப்பது? எழும்பும்போதே அடித்தால் நல்லதுதான், புகையும் நெருப்புமாகத் தெளிவாகத் தெரியும், வேகமும் குறைவு. ஆனால் அந்த மூன்று நான்கு நிமிடத்துக்குள் அடிக்க எதிரியின் வாசலில் போய் நிற்க வேண்டும். அதை விடுங்கள். நடுவில், வானத்துக்கு வெளியே பறக்கும்போது அடிப்பதுதான் பெரிய நாடுகளின் ஆசை. நேரம் கூட, இருபது நிமிடம் வரைக்கும் கிடைக்கும். அங்கேதான் ஒரு வில்லங்கம்.

(இந்த இடத்தில் கொண்டுபோயிருந்த இரண்டு ஷொப்பிங் பேக்கை எடுத்தேன். இரண்டும் ஒரே நிறம், ஒரே கடை. ஒன்றுக்குள் மாங்காய், மற்றதுக்குள் காற்றை ஊதிக் கட்டியிருந்தேன். மேசையில் ஏறி நின்று இரண்டையும் ஒன்றாக விட்டேன். மாங்காய்ப் பை டொம் என்று விழுந்தது, மற்றது காற்றாடிக் காற்றுக்குள் அகப்பட்டு இரண்டாம் வரிசைப் பிள்ளையின் தலையில் போய் இறங்கியது. நல்ல சிரிப்பு.)

எது மாங்காய் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? காற்று சொல்லிக்கொடுத்தது. ஆயிரம் கிலோமீற்றர் உயரத்தில் காற்று இல்லை. வெடிகுண்டும், அதே மாதிரிச் செய்து ஊதிவிட்ட வெறும் பலூனும் அங்கே ஒரே பாதையில், ஒரே வேகத்தில் போகும். பத்துப் பலூனை அவிழ்த்துவிட்டால் ராடருக்குப் பதினொரு குண்டு. பதினொன்றையும் அடிக்கப் போனால் கையில் உள்ளது தீர்ந்துபோகும், சிலதை விட்டால் விட்டது மாங்காயாக இருக்கலாம். பலூன் மலிவு, அதை அடிக்கப் போகிற தடுப்பு ஏவுகணை, அம்பு என்று வைத்துக்கொள்வோம், மலிவில்லை. அமெரிக்கா அலாஸ்காவிலும் கலிபோர்னியாவிலும் இதற்கென்று 44 அம்பு வைத்திருக்கிறது. தவறக்கூடாது என்று ஒரு குண்டுக்கு நான்கு விட்டால் 11 குண்டோடு கதை முடிந்தது. முன்கூட்டித் திட்டமிட்ட பரிசோதனைகளிலேயே அவை ஏறத்தாழப் பாதி தடவைதான் அடித்தன.

இங்கே முன்வரிசையில் இருந்த வாவி மீனவர் ஒருவர் குறுக்கே கேட்டார்: "சேர், ஒண்டுக்கு ஒண்டு குத்துறத விட வலை மாதிரி வீசினா லேசுதானே?"

கேட்டீர்களே ஒரு கேள்வி. 1991 வளைகுடாப் போரில் அப்படித்தான் செய்தார்கள். அப்போதைய பேட்ரியட், அமெரிக்காவின் தடுப்பு ஏவுகணை, இலக்குக்குக் கிட்டப் போய் வெடித்து இரும்புத் துண்டுகளை வலை போல விரிக்கும். விமானம் என்றால் இறக்கை கிழிந்து விழுந்துவிடும். ஏவுகணை ஏற்கனவே விழுந்துகொண்டுதானே இருக்கிறது? உடம்பு கிழிந்தாலும் தலை இறங்கி வெடிக்கும். இதற்குள் ஈராக்கின் அல்-ஹுசைன் ஏவுகணை வேறு, தூரம் கூட்டுவதற்காக ஸ்கட் என்ற சோவியத் ஏவுகணையை இழுத்து நீட்டிச் செய்தது, காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது தானாகவே உடைந்து சுழன்று வரும். மோசமாகச் செய்த ஏவுகணை, நன்றாகச் செய்ததை விடப் பிடிக்கக் கஷ்டம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அந்தப் போரில் பேட்ரியட் அடித்ததாகச் சொன்ன கணக்கைப் பிறகு அமெரிக்க இராணுவமே குறைத்தது, அதற்கும் கீழே என்று வாதிட்ட விஞ்ஞானிகளும் உண்டு. அதற்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் நேரே முட்டி உடைப்பவை, ஐயா சொன்ன வலையை விட்டுவிட்டு ஈட்டிக்கு வந்துவிட்டார்கள். விழுகிற குரும்பட்டியை இன்னொரு குரும்பட்டி எறிந்து அடிக்கிற வேலை.

அதே போரில் இன்னொன்று நடந்தது. பிள்ளைகள், இது உங்களுக்கு. 1991 பெப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். ஸ்கட் ஒன்று அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து 28 பேர் செத்தார்கள். பக்கத்திலேயே பேட்ரியட் இருந்தது, ஒன்றுகூட விடவில்லை. காரணம் 1ஐ 3ஆல் பிரிப்பது மாதிரி ஒரு கணக்கு. கல்குலேட்டரில் பிரித்தால் 0.3333 என்று போய்க்கொண்டே இருக்கும், இடம் முடிகிற இடத்தில் வெட்டிவிடும். கணினியின் இரும எண்ணில் பத்தில் ஒன்றும் அப்படித்தான், முடியாது. பேட்ரியட்டின் கடிகாரம் பத்தில் ஒரு செக்கனாக எண்ணியது, ஒவ்வொரு தடவையும் வாலை வெட்டியது. வெட்டியது தசமத்துக்குப் பின் ஏழு பூச்சியம் போட்டு எழுதுகிற அளவு, ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கருவியை 100 மணித்தியாலம் நிறுத்தாமல் ஓட விட்டிருந்தார்கள். பிழை சேர்ந்து சேர்ந்து ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு ஆனது. அவ்வளவு நேரத்தில் ஸ்கட் அரைக் கிலோமீற்றர் தாண்டிப் போய்விடும். கருவி பிழையான இடத்தில் தேடியது, அங்கே ஒன்றுமில்லை, சும்மா இருந்துவிட்டது. நீண்ட நேரம் ஓட்டினால் இப்படி ஆகும் என்று இஸ்ரேலியர் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்தது 26ஆம் திகதி, ஒரு நாள் பிந்தி. இடையில் நிறுத்தித் திரும்பப் போட்டிருந்தாலே போதும், எங்கள் வீட்டு ரவுட்டருக்குச் செய்கிறோமே, அதேதான்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2025 ஜூனில் 12 நாள் போரில் ஈரான் இஸ்ரேல் மீது 500க்கு மேல் பாலிஸ்டிக் ஏவுகணை விட்டது. பத்தில் ஒன்பதைத் தடுக்கிறீர்கள் என்று வைப்போம், கெட்டிக்காரர்கள்தான், ஆனாலும் 50 விழும். ஒவ்வொன்றையும் தடுக்க ஒன்றோ இரண்டோ அம்பு, நல்ல பேட்ரியட் அம்பு ஒன்று ஏறத்தாழ 4 மில்லியன் டொலர், செய்து முடிக்க மாதக்கணக்கு. அமெரிக்கா தன்னிடம் இருந்த தாட் என்கிற இன்னொரு வகைத் தடுப்பு அம்புகளில் கால்பங்கு அளவை அந்தப் பன்னிரண்டு நாளில் விட்டுவிட்டது என்று செய்தி வந்தது. ஆகவே இனி "90 வீதம் தடுத்தோம்" என்று யாராவது சொன்னால், அம்பறாத்தூணியில் இன்னும் எத்தனை மிச்சம் என்று திருப்பிக் கேளுங்கள். அதைச் சொல்ல மாட்டார்கள்.

1972இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் இந்தத் தடுப்புக் கேடயத்துக்கே எல்லை போட்டு ஒப்பந்தம் செய்ததும் இதனால்தான், ஒருவன் கேடயம் கட்டினால் மற்றவன் ஈட்டியை, அதாவது தாக்குகிற ஏவுகணையை, கூட்டுவான் என்று. 2002இல் அமெரிக்கா அதிலிருந்து விலகியது, ரஷ்யா தடுக்க முடியாத ஈட்டி தேடப் போனது. எங்கள் கடலுக்கும் இதில் பங்கு உண்டு: இந்தியா தன் தடுப்பு அம்பை 2006இல் பரிசோதித்தது இதே வங்காள விரிகுடாவின் ஒடிசாக் கரையில், ஒன்றிலிருந்து பல குண்டு பிரிகிற அக்னி-5ஐ 2024இல் விட்டதும் அங்கிருந்துதான். கேடயமும் ஈட்டியும் ஒரே கரையில்.

"அப்ப எங்கட சனம் என்ன செய்யிறது?" என்று கதவடியில் நின்ற அம்மா கேட்டார். மகன் டோஹாவில் கட்டட வேலையாம்.

அம்மா, ஈரானில் இருந்து இஸ்ரேலுக்கு 12 நிமிடம் அளவில் பிடிக்கும், கட்டாருக்கு அதிலும் குறைவு. அந்த நிமிடங்களை ஒழுங்காகச் சொல்வதுதான் சாதாரண சனத்துக்கு உள்ள காவல். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் நாவலடியில் தண்ணீர் ஏறியதற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது, ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பிழையாகச் சொன்னாலும் கெடுதிதான், 2018 ஜனவரியில் ஹவாயில் ஏவுகணை வருகிறது என்று எல்லாப் போனுக்கும் தவறாகச் செய்தி போய், இல்லை என்று திருத்த 38 நிமிடம் ஆனது.

அதனால் மகனிடம் சொல்லுங்கள், எச்சரிக்கை வந்தால் கீழ்த்தளம், நடு அறை, கண்ணாடிக்குத் தள்ளி. மேலே அடித்து உடைத்தாலும் துண்டுகள் கீழேதான் வரும், இரும்பு இரும்புதான்.

அவர் போனை என்னிடம் நீட்டினார். மகன் அன்றைக்கு அனுப்பிய வீடியோ. கை ஆடுகிறது, கீழே தண்ணீர்த் தாங்கி தெரிகிறது, சுற்றிவரக் கட்டடங்களின் கூரைகள். எங்கே நின்று எடுத்தான் என்று கேட்டேன்.

"மேல, தட்டுல நிண்டுதான்," என்றார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் வெளிப்படிக்கட்டில் அவர் குரல் கேட்டது, மழையும் பிடித்துவிட்டது: "மனே, சாப்பிட்டயா? இல்ல, அது இருக்கட்டும், முதல்ல இதக் கேள்..."