'எண்ணி' என்பது எச்சம், 'துணிக' என்பது முற்று

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

தொழில் நடத்தும் பெண்களுக்குப் பெரும் பலம் சிக்கனமா, துணிச்சலா? துணிச்சல்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி அஞ்சறைப்பெட்டியில் ஆரம்பித்தார். கடுகுக்கு அடியில் காசு சேர்க்கத் தெரிந்தவளுக்குக் கடை நடத்தவும் தெரியும் என்றார். "எண்ணித் துணிக கருமம்" என்று வள்ளுவரையும் தன் அணியில் சேர்த்துக்கொண்டார். எண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. துணிந்த பிறகு எண்ணிக்கொள்ளலாம் என்பது இழுக்கு என்று வள்ளுவர் அடுத்த வரியில் சொல்வதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாக்கியத்தில் 'எண்ணி' என்பது வினையெச்சம். 'துணிக' என்பதுதான் வினைமுற்று. எச்சத்தோடு நிறுத்தினால் வாக்கியம் முடியாது. கடையும் திறக்காது.

அப்புறம் லிஜ்ஜத் அப்பளக் கதையைச் சொன்னார். வெறும் 80 ரூபாயில் தொடங்கினார்களாம், அதுதான் சிக்கனமாம். நடுவர் அவர்களே, அந்த 80 ரூபாய் கடுகு டப்பாவில் சேர்த்த காசு இல்லை. கடன்! 1959 மார்ச் 15 அன்று மும்பை கிர்காவில் ஒரு பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் கூடி அப்பளம் உருட்டினார்கள். முதலில் போட்டது நாலே பாக்கெட். கையில் எதுவும் இல்லாத அந்த நிலையிலேயே, நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடைக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சிக்கனக்காரர் எவரும் எடுக்கிற முடிவா அது?

முதல் வருஷம் மழை வந்தது. வெயில் இல்லாமல் அப்பளம் ஏது? நாலு மாசம் வேலை நின்றுபோனது. நான் அந்த நாலு மாசத்தைத்தான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். "நமக்கெதுக்கு இந்த வம்பு" என்று வீட்டோடு இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த மழைக்கு அவர்கள் ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின் மேல் அப்பளம், கீழே அடுப்பு. மழை பெய்துகொண்டே இருந்தது, அப்பளமும் காய்ந்துகொண்டே இருந்தது. இன்று அந்த அமைப்பில் 40,000-க்கும் மேற்பட்ட பெண்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட்டுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தொடங்கி 62 வருஷம் கழித்து.

கிரண் மஜும்தார் ஷாவைப் பற்றி ஒரு வார்த்தை. மது வடிக்கும் தொழில்நுட்பத்தை ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவருக்கு, பெண் என்பதால் இங்கே வேலை கிடைக்கவில்லை. 1978-இல், 25 வயதில், பெங்களூரில் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில் பப்பாளிப் பாலிலிருந்து நொதி எடுக்கத் தொடங்கினார். அதுதான் இன்று பெரிய மருந்து நிறுவனமாக நிற்கும் பயோகான்.

இதெல்லாம் பெரிய இடம் என்று எதிரணி சொல்லலாம். என் பெரியம்மாவைச் சொல்கிறேன். சங்கரன்கோவில் பக்கம் கிராமம். பெரியப்பா தவறிய பிறகு மாவு மில் வைக்க வேண்டும் என்று பேங்குக்குப் போனார். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அவர் இல்லை என்றதும், "அப்போ அண்ணன் தம்பி யாராவது கையெழுத்து போடுவாங்களா?" பெரியம்மா எழுந்து வந்துவிட்டார். கம்மலையும் வளையலையும் அடகு வைத்துப் பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் பெண் நிற்பதா என்று ஊரே பேசியது. மிளகாய் அரைக்கிற நாளில் கண் எரிய எரிய நிற்பார். பீஸ் போனால் அவரே கட்டுவார். கடைசிக் கம்மலை அடகு வைக்கிறவரைச் சிக்கனமானவர் என்று சொல்ல என் மனசு ஒப்பவில்லை.

அவர் ஒருத்தர் மட்டும் இல்லை. 2013-14-இல் எடுத்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பெண்கள் நடத்தும் தொழில்களில் ஏறக்குறைய 79 சதவீதம் சொந்தப் பணத்தில் நடப்பவை. போனால் தன் காசு, தன் நகை. பெண்கள் நடத்தும் தொழில்களின் எண்ணிக்கையில் மாநிலங்களில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் இன்னொரு எண்ணும் அதிலேயே இருக்கிறது. ஒரு பெண்ணின் தொழிலில் வேலை செய்பவர்கள் சராசரியாக 1.67 பேர். இரண்டு பேர் கூட முழுசாக இல்லை! "பெண்ணென்றால் கையடக்கமாக நடத்துவாள்" என்று நாம் பாராட்டிப் பாராட்டியே அவளைக் கையடக்கமாக வைத்திருக்கிறோம். சிறுதொகைதான் கேட்பாள் என்று கடனையும் சிறிதாக்கினோம். அதனால்தான் எதிரணியின் பாராட்டு எனக்கு வலிக்கிறது.

கடைசியாக, நம்ம மெரினா. 1982-இல் பெட்ரிசியா நாராயண் அங்கே ஒரு வண்டியில் கடை போட்டார். கசந்துபோன திருமணம், இரண்டு குழந்தைகள். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காபி. வரவு 50 காசு. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறார். ஒன்றாவது விற்றதே, நாளைக்கு இன்னும் நன்றாகப் போகும் என்று அம்மா தேற்றியிருக்கிறார். பின்னாளில் அவர் உணவகங்கள் நடத்தியதும், 2010-இல் சிறந்த பெண் தொழில்முனைவோர் விருது வாங்கியதும் ஊரறிந்த சேதி. நான் கேட்பது அந்த முதல் இரவைப் பற்றி. பால், சர்க்கரை, கூலி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால், எதிரணி சொல்கிற அந்தச் சிக்கனம் 50 காசுக்கு என்ன ஆலோசனை சொல்லியிருக்கும்? வண்டியை விற்றுவிடு என்றுதானே?

அவர் மறுநாளும் கடற்கரைக்குப் போனார், நடுவர் அவர்களே.

மணி அடித்துவிட்டது. அமர்கிறேன். நன்றி, வணக்கம்.