‘சேவ் ட்ரீஸ்’ என்று சொன்னால் பேச்சு முடிந்துவிடும்

எல்லோருக்கும் வணக்கம்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் பயிற்சிக்குச் சுற்றுச்சூழல் ஏற்ற தலைப்பா என்று கேட்டு என்னை அழைத்திருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிக நல்ல தலைப்பு. ஆனால் நாம் வழக்கமாக அதைப் பேசும் விதத்தில் பேசினால் ஒருவருக்கும் இங்கிலீஷ் வராது.

வழக்கமாக என்ன நடக்கிறது? பத்துப் பேர் வட்டமாக உட்காருகிறார்கள். தலைப்பு ‘பொல்யூஷன்’. முதலில் எழுந்தவர் ‘பொல்யூஷன் இஸ் அ பிக் ப்ராப்ளம், வீ மஸ்ட் சேவ் அவர் எர்த்’ என்கிறார். அடுத்தவர் அதையே கொஞ்சம் மாற்றிச் சொல்கிறார். மூன்றாமவர் ‘ப்ளான்ட் மோர் ட்ரீஸ்’ என்று முடிக்க, எல்லோரும் கைதட்டுகிறார்கள். நான்காமவர் விழிக்கிறார். தனக்கு இங்கிலீஷ் வராததால்தான் வாய் திறக்க முடியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அவருக்குச் சொல்ல விஷயம் எதுவும் மிச்சம் வைக்கப்படவில்லை. தமிழில் பேசச் சொல்லியிருந்தாலும் அந்த இடத்தில் அவர் அப்படித்தான் விழித்திருப்பார்.

முழக்கத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். மறுப்பு இல்லாத இடத்தில் உரையாடலும் இல்லை. நமக்கு வேண்டியது அறையில் இருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கிற கேள்வி. சுற்றுச்சூழலில் அந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பஞ்சமே கிடையாது. நான் இந்தத் தலைப்பைச் சிபாரிசு செய்வதற்கு அதுதான் காரணம். பூமியைக் காப்பாற்றுவது வேறு வேலை. அதை இன்றைய ஒரு மணி நேரத்தில் செய்துவிட முடியாது.

ஒரு உதாரணம். துணிப்பை நல்லதா, பிளாஸ்டிக் பை நல்லதா? இதில் கேட்க என்ன இருக்கிறது என்பீர்கள். 2011ஆம் ஆண்டு பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை ஒரு ஆய்வை வெளியிட்டது. ஒரு பையைத் தயாரிப்பதிலிருந்து தூக்கி எறிவது வரை, புவி வெப்பமாவதில் அதன் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டார்கள். ஒரு தடவை மட்டும் பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால், ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும் என்று கணக்கு வந்தது. பருத்தியை விளைவித்து நூலாக்கி நெய்து முடிப்பதற்குள் புவியை வெப்பமாக்கும் வாயுக்கள் அவ்வளவு வெளியாகிவிடுகின்றன. சரி, அப்படியானால் பிளாஸ்டிக் பையே போதுமா? அதுவும் இல்லை. அந்த 131 என்ற எண் வெப்பமாதலை மட்டும் பார்த்தது. கடலில் போய்ச் சேரும் குப்பை அதில் வரவில்லை.

இந்த இரண்டு செய்திகளையும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பேசவிட்டுப் பாருங்கள். துணிப்பைக்காரர் பெருமையாகத் தொடங்குவார். எதிரில் இருப்பவர் ‘ஹவ் மெனி டைம்ஸ் ஹேவ் யூ யூஸ்ட் இட்?’ என்று கேட்பார். இவர் ஒரு கணம் தடுமாறுவார். ‘வாட் டூ யூ மீன்?’ என்பார். ‘ஆர் யூ ஷூர்?’ என்பார். ‘பட் வாட் அபவுட் தி சீ?’ என்று திரும்பி வருவார். இவற்றில் ஒரு வாக்கியத்தைக் கூட யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்க மாட்டார்கள். தேவை வந்தது, வாக்கியமும் வந்தது. இலக்கணம் அங்கே இங்கே இடிக்கும், இடிக்கட்டும்.

மெரில் ஸ்வெய்ன் என்ற மொழியியலாளர் கனடாவில் இதைப் பற்றி யோசித்தார். அங்கே ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பள்ளிப் பாடங்களைப் பிரெஞ்சு வழியில் படித்தார்கள். வருடக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டார்கள், நன்றாகப் புரிந்துகொண்டார்கள். ஆனால் பேச்சிலும் எழுத்திலும் குறை தங்கிப்போனது. கேட்டுப் புரிந்துகொள்வது மட்டும் போதாது, சொல்ல வந்ததைத் துல்லியமாகச் சொல்லியே தீர வேண்டும் என்ற நெருக்கடியும் வேண்டும் என்று 1985இல் அவர் வாதிட்டார். ‘எனக்கு எல்லாம் புரியுது, பேசத்தான் வரல’ என்று நம்மில் பாதிப் பேர் சொல்கிறோமே, அதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

வாதம் செய்யும் அளவுக்கு எனக்கு மொழி இல்லையே என்பவர்கள் கதையிலிருந்து தொடங்கலாம். கதை சொல்வது வாதத்தைவிட எளிது, காலவரிசையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடும். ஓசோன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள், குளிர்சாதனப் பெட்டியிலும் ஸ்ப்ரே டப்பாவிலும் பயன்பட்ட சிஎஃப்சி வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். தொழில்துறை மறுத்தது. 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று, அந்த வாயுக்களைக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பின்னர் ஐ.நா. உறுப்பு நாடுகள் அத்தனையும் அதில் சேர்ந்தன. 1995இல் அந்த இருவருக்கும், பால் க்ருட்சன் என்ற மூன்றாமவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. படலம் மெல்ல மீண்டு வருகிறது. இதில் எல்லா ‘பாஸ்ட் டென்ஸ்’ வினைகளும் வந்துவிடும். கடைசி வரியில் ‘இட் இஸ் ரிக்கவரிங்’ என்று நிகழ்காலத்துக்கும் தாவ வேண்டியிருக்கும். டென்ஸ் பட்டியலை ஒப்பிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்து, எனக்குப் பிடித்த பகுதி. செயப்பாட்டு வினை, பாஸிவ் வாய்ஸ். சுற்றுச்சூழல் பற்றிப் பேசும்போது இது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ‘ட்ரீஸ் ஆர் கட் டவுன்’, ‘ரிவர்ஸ் ஆர் பொல்யூட்டட்’, ‘அனிமல்ஸ் ஆர் கில்ட்’. மூன்று வாக்கியத்திலும் இலக்கணப் பிழை இல்லை. செய்தவரும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் அப்போது கேட்க வேண்டியது, ‘பை ஹூம்?’

கேட்டதும் ‘பை பீப்பிள்’ என்று தப்பிக்கப் பார்ப்பார். விடாதீர்கள். ‘விச் பீப்பிள்?’ என்று கேளுங்கள். இப்போது அவர் யோசித்தாக வேண்டும். கழிவைக் கொட்டிய ஆலையா? உரிமம் கொடுத்த அரசா? அந்த ஆலையின் பொருளை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிய நாமா? பார்த்தும் பேசாமல் போனவர்களா? ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வினை தேவைப்படுகிறது: டம்ப், அலவ், பை, இக்னோர். எழுவாய் மாறியதும் வாக்கியத்துக்கு உயிர் வருகிறது, அப்புறம் சண்டையும் வருகிறது. ‘வீ ஆர் டெஸ்ட்ராயிங் தி ப்ளானெட்’ என்பதில் உள்ள ‘வீ’யையும் இப்படியே பிடித்துக் கேளுங்கள். வாரம் ஒரு முறை விமானத்தில் பறப்பவரும், நடந்தே வேலைக்குப் போகிறவரும் அந்த ‘வீ’க்குள் ஒரே அளவில் அடங்குவார்களா? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு முழு வகுப்பை ஓட்டலாம். காப்பியம் படிப்பவர்களுக்கு எழுவாய் தேடுவது பழகிய வேலைதான். நம் மேடைப் பேச்சில்தான் அதை மறந்துவிடுகிறோம்.

இன்னொன்று, உறுதியின் அளவு. புதிதாக இங்கிலீஷ் பேசுகிறவர்களிடம் இரண்டே கியர்தான் இருக்கும்: ‘டெஃபினிட்லி’ அல்லது ‘ஐ டோன்ட் நோ’. நடுவில் எதுவும் இருக்காது. பருவநிலை பற்றிய பேச்சோ முழுக்க முழுக்க நடுவில்தான் நடக்கிறது. 1988இல் அமைக்கப்பட்ட ஐபிசிசி என்ற, பருவநிலை மாற்றத்தை ஆராயும் அரசுகளுக்கிடையேயான குழு தன் அறிக்கைகளில் இந்தச் சொற்களுக்கு எண்ணிக்கையே வகுத்து வைத்திருக்கிறது. ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. ‘வெரி லைக்லி’ என்றால் 90க்கு மேல். ‘வர்ச்சுவலி செர்ட்டன்’ என்றால் 99க்கு மேல். விஞ்ஞானிகளே இவ்வளவு அளந்து பேசும்போது நாம் மட்டும் ஏன் ‘டெஃபினிட்லி’யை வாரி இறைக்க வேண்டும்? ஆனால் அதே குழு 2021 அறிக்கையில், மனிதச் செயல்பாடு காற்று மண்டலத்தையும் கடலையும் நிலத்தையும் வெப்பமாக்கியிருக்கிறது என்பதற்கு ‘அன்ஈக்விவோக்கல்’ என்ற சொல்லைப் போட்டது. ஐயத்துக்கு இடமில்லை என்று பொருள். அளந்து பேசுகிறவர் அப்படி ஒரு சொல்லை எடுத்தால் அதற்குத் தனி எடை.

பயிற்சி எளிதானது. ஒருவர் ஏதாவது சொன்னதும் மற்றவர் ‘ஹவ் ஷூர் ஆர் யூ?’ என்று கேட்க வேண்டும். சொன்னவர் அதே வாக்கியத்தை ‘மே’, ‘மைட்’, ‘ப்ராபப்லி’, ‘இஸ் லைக்லி டு’ ஆகியவற்றில் ஒன்றைப் போட்டு மறுபடியும் சொல்ல வேண்டும். முதல் நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். வேலைக்கான நேர்காணலில் இது எவ்வளவு உதவும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

எண்களைச் சொல்வதிலும் நாம் திணறுகிறோம். கண்ணால் படித்துவிடுவோம், வாயால் வராது. அதற்கு ஒரு கோட்டுப் படம் இருக்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் 1958 முதல் சார்லஸ் கீலிங் என்பவர் காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கோடு நேராக ஏறாது. ரம்பப் பல் போல ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கி, மொத்தத்தில் மேலே போகிறது. வட அரைக்கோளத்துத் தாவரங்கள் கோடையில் கார்பனை உறிஞ்சி, இலை உதிரும் காலத்தில் திரும்ப விடுவதால் மே மாதத்தில் உச்சம் வரும். இருவர் முதுகோடு முதுகாக உட்காருங்கள். ஒருவர் படத்தைப் பார்த்து இங்கிலீஷில் விவரிக்க, மற்றவர் கேட்டே வரைய வேண்டும். வரைந்தது எப்படி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சிரிப்புதான் வரும்.

உச்சரிப்பைப் பற்றி இரண்டே வார்த்தை. ‘க்ளைமேட்’ என்று நீட்ட வேண்டாம். கடைசி அசை ‘மட்’ என்று ஒடுங்கும். வறட்சியைக் குறிக்கும் சொல் ‘ட்ரவுட்’; ‘ட்ராட்’ அல்ல. மீத்தேன், மெத்தேன் இரண்டும் சரி. ஒன்று பிரிட்டிஷ், மற்றது அமெரிக்கன். மற்றபடி நம் தமிழ் வாடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

ஒரே விஷயத்தைத் திரும்பப் பேசுவதில் வெட்கம் வேண்டாம். மொழி கற்பித்தலில் 4-3-2 என்று ஒரு முறை உண்டு. நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு விஷயத்தை ஒருவரிடம் நான்கு நிமிடம் சொல்கிறீர்கள். பிறகு அதையே இன்னொருவரிடம் மூன்று நிமிடத்தில். மூன்றாவது ஆளிடம் இரண்டு நிமிடத்தில். கேட்பவர் மாறுவதால் உங்களுக்குச் சலிக்காது, நேரம் குறைவதால் திக்கல் தானாகக் குறையும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் செல்போனில் பதிவு செய்து இதையே செய்யலாம். முதலில் துணிப்பைக்காக, பிறகு துணிப்பைக்கு எதிராக.

பெரிய சொற்கள் தெரிந்தால்தான் சுற்றுச்சூழல் பேச முடியும் என்று ஒரு பயம் இருக்கிறது. 2018 டிசம்பரில் போலந்தின் கட்டோவிச் நகரில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில், பருவநிலைக்காகப் போராடிய மாணவி கிரெட்டா துன்பர்க் பேசினார். அப்போது அவருக்கு வயது 15. தாய்மொழி ஸ்வீடிஷ், பேசியது இங்கிலீஷ். அந்தப் பேச்சைக் கேட்டுப் பாருங்கள். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் என்ன செய்தார்கள் என்பது தெளிவாக இருக்கும். அவருடைய கருத்தோடு உடன்படலாம், உடன்படாமல் இருக்கலாம். உடன்படாவிட்டால் இன்னும் நல்லது, பேச விஷயம் கிடைத்தது.

நடைமுறையில் வரும் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். நிறையப் புள்ளிவிவரம் தெரிந்தவர் ஒருவர் மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்வார். அதனால் எல்லோருக்கும் அரைப்பக்கத் தகவல் முன்பே கொடுத்துவிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தகவலே இல்லாவிட்டால் கத்துவார்கள். அதிகம் கொடுத்தால் பார்த்து வாசிப்பார்கள். பேச்சின் நடுவே பிழை திருத்தாதீர்கள். குறித்துவைத்து முடிந்த பிறகு சொல்லுங்கள். தமிழ் பேசினால் அபராதம் என்பதெல்லாம் எனக்கு உடன்பாடில்லாத விஷயம். சொல் கிடைக்காமல் தவிப்பவர் தமிழில் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கட்டும், அவர் அதை வாங்கி இங்கிலீஷில் முடிக்கட்டும்.

பேசியது போதும். இன்றைய கேள்வி இது: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் அணுமின் நிலையத்தை மூடலாமா? உங்களுக்கான தகவல் இவ்வளவுதான். பிரான்ஸ் தன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அணு உலைகளிலிருந்து எடுக்கிறது. பக்கத்து நாடான ஜெர்மனி 2023 ஏப்ரல் 15 அன்று தன் கடைசி மூன்று உலைகளையும் நிறுத்திவிட்டது. அணு உலை ஓடும்போது கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவதில்லை. அதன் கழிவு பல்லாயிரம் ஆண்டுகள் ஆபத்தாகவே இருக்கும். இடப்பக்கம் இருப்பவர்கள் பிரான்ஸுக்காகப் பேசுங்கள், வலப்பக்கம் இருப்பவர்கள் ஜெர்மனிக்காக. உங்கள் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் சுற்று நான்கு நிமிடம், கடிகாரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.