பாதிரியாரம்மாவும் போலீஸ் சீஃபும்: ஒரு பனிக்கால மர்ம நாவல்

ஹாய் மக்களே, இன்னைக்கு ஜூலியா ஸ்பென்சர்-ஃப்ளெமிங் எழுதின 'இன் த ப்ளீக் மிட்விண்டர்', 2002ல வந்த நாவல். கதை நடக்குறது நியூயார்க்ல, உடனே டைம்ஸ் ஸ்கொயர்னு நினைச்சுக்காதீங்க, அதே மாநிலத்துல வடக்க, அடிராண்டாக் மலைப்பக்கம் மில்லர்ஸ் கில்னு ஒரு கற்பனை ஊரு, டிசம்பர் மாசம், எங்க பாத்தாலும் பனி. சர்ச் வாசல்ல யாரோ பச்சக்குழந்தைய விட்டுட்டுப் போயிடுறாங்க, அதப் பாக்குறது சர்ச்சுக்குப் புதுசா வந்த பாதிரியார் க்ளேர் ஃபெர்கசன், ஆமாங்க பொண்ணுதான், முன்னாடி ஆர்மில ஹெலிகாப்டர் ஓட்டினவங்க வேற!

விசாரிக்க வர்றவரு ஊரு போலீஸ் சீஃப் ரஸ் வான் ஆல்ஸ்டைன், வியட்நாம் போர்ல இருந்தவரு, சாமி கும்பிடுறதுலாம் கிடையாது. கொஞ்ச நாள்ல ஒரு இளம்பொண்ணோட பொணமும் கிடைக்குது, அப்புறம் க்ளேரும் ரஸ்ஸும் சேந்து துப்பு துலக்குறாங்க, அப்படியே ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு ஈர்ப்பும் வந்துடுது.

இப்ப உங்களுக்குத் தோணும், பாதிரியார்தானே, கல்யாணமே கூடாதேன்னு. இல்லங்க, இது கத்தோலிக்க சபை இல்ல, எபிஸ்கோபல், ஆங்கிலிக்கன் வழி, நம்மூரு சிஎஸ்ஐ மாதிரின்னு வச்சுக்கோங்க, அங்க 1976லயே பெண்களுக்கு குருப்பட்டம் குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, கல்யாணமும் பண்ணிக்கலாம். அதனால க்ளேருக்கு சபையால தடையே இல்ல, தடை ரஸ்ஸோட பொண்டாட்டி லிண்டா மட்டும்தான். அவங்க கெட்டவங்களும் இல்ல, கர்ட்டன் தைச்சு பிசினஸ் பண்றாங்க, இந்த புக்ல பெருசா சீன்லயே வரமாட்டாங்க. வில்லியா காட்டியிருந்தா நாம ஈஸியா ஜோடி சேத்து விட்டிருப்போம், அந்த வசதிய ரைட்டர் நமக்குக் குடுக்கவே இல்ல, எனக்கு அதான் செம்மயா இருந்துச்சு.

லவ் சீன்லாம் தேடாதீங்க. பனிக்கு லாயக்கே இல்லாத ஒரு குட்டி எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார வச்சுக்கிட்டு சுத்துறாங்க க்ளேர், அதுக்கு ரஸ் திட்டுறாரு பாருங்க, அந்தத் திட்டுலயே எல்லாம் தெரிஞ்சுடும்.

ஒரு குறை, கடைசில க்ளேர் தனியா மலைக்குக் கிளம்பிப் போறப்ப, ஆர்மி ட்ரெயினிங்லாம் எங்கம்மா போச்சுன்னு கத்தணும் போல இருந்துச்சு, ஆனா மாட்டினதுக்கு அப்புறம் அதே ட்ரெயினிங்தான் கைகொடுக்குது, அந்தப் பகுதிய நான் ஒரே மூச்சுல படிச்சேன்.

இது ஒரு சீரிஸ், தலைப்பெல்லாம் பழைய கிறிஸ்தவப் பாடல் வரிங்கதான். தயவுசெஞ்சு வரிசையாப் படிங்க, பின்னாடி வர்ற ஒரு புக்கோட பின்னட்டையே லிண்டா விஷயத்தப் போட்டு உடைச்சுடும்.